13 வயது மகன் இருண்ட கோட்டை, பேய், பிணம் என்று தேடித் தேடிப் படிக்கிறான். அந்த மாதிரித் திகில் கதைகளான கோதிக் நாவல்களைக் கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுங்கள். தூக்கம் கெடும், மனம் இருண்டுவிடும் என்பதுதானே உங்கள் கவலை? அந்தக் கதைகளில் பயப்பட வேண்டிய இடம் வேறு. அதைச் சொல்ல என் கதையைச் சொல்லியாக வேண்டும்.

14 வயதில் நான் வகுப்புத் தலைவன். வருகைப் பதிவேடு வைக்கும் அலமாரியின் சாவி என்னிடம் இருக்கும். அது சட்டைப் பையில் கிடந்த நாட்களில் என் நடையே வேறு. ஒரு மாலை, அதே அலமாரியில் கணக்குத் தேர்வின் வினாத்தாள் உறையைப் பார்த்தேன். பழுப்புக் காகிதம், வாயில் பசை. நகத்தால் மெல்லக் கிளப்பினேன். பாதிவரை ஒழுங்காக வந்த காகிதம் திடீரென்று ஒரு கீற்றாகக் கிழிந்தது. எச்சில் தொட்டு ஒட்டிப் பார்த்தேன், ஒட்டவில்லை. பதற்றத்தில் அலமாரியைப் பூட்டக்கூட மறந்து ஓடினேன்.

மாட்டிக்கொண்டவன் இன்னொருவன். அன்று தாமதமாக அந்தப் பக்கம் போனவன். ஏற்கெனவே கெட்ட பெயர் எடுத்தவன். ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள். என்னை யாரும் சந்தேகிக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ கிடைத்தது. மேரி ஷெல்லி 1816இல், 18 வயதில் எழுதத் தொடங்கி 1818இல் வெளியிட்ட நாவல். விக்டர் என்ற இளைஞன் பிணத் துண்டுகளால் செய்த உருவம் கண் திறந்த இடத்தில் எனக்குப் பயமே வரவில்லை. ஜஸ்டின் என்ற வேலைக்காரப் பெண்ணின் விசாரணையில்தான் உடம்பு சில்லிட்டது. விக்டரின் குட்டித் தம்பியைக் கொன்றது அந்த உருவம். பழி விழுவது அவள்மேல். கொலையுண்ட குழந்தையிடம் இருந்த சிறு ஓவியம் அவள் பையில் கிடைக்கிறது. அவள் குற்றமற்றவள் என்று விக்டருக்கு உறுதியாகத் தெரியும். சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டு உண்மையை மறைக்கிறான். அவளைத் தூக்கில் போடுகிறார்கள். அந்தப் பக்கத்தில் என் பெயரை எழுதி வைத்தது போல இருந்தது.

நாவல் படித்தால் யோக்கியனாகிவிட முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லவில்லை. அதன் பிறகும் ஓர் ஆண்டு மௌனமாகவே இருந்தேன். கடைசியில், எனக்காகத் தண்டனை பெற்றவனிடம் போய்ச் சொன்னபோது, “சாவி உன்கிட்டதானே இருந்தது, எனக்கு அப்போதே தெரியும்” என்றான். நான் எப்போது வந்து சொல்வேன் என்று அவன் காத்திருந்திருக்கிறான்.

இன்னொரு ஆதங்கம். நான் படித்த தமிழ்ப் பிரதியில் மொழிபெயர்த்தவர் பெயரே இல்லை. 1818இல் அந்த நாவலே ஆசிரியர் பெயரில்லாமல்தான் வந்தது. அதற்குப் பிறகு இவ்வளவு காலம் ஓடியும் ஒரு மொழிபெயர்ப்பாளரின் உழைப்பைப் பெயர் போடாமல் அச்சிட எப்படி மனம் வருகிறது?

மகனுக்குச் சுருக்கப் பதிப்பு வாங்காதீர்கள். நான் பிறகு புரட்டிய ஒரு சிறுவர் பதிப்பில் ஜஸ்டினையே வெட்டிவிட்டிருந்தார்கள். அசுரன் மட்டும் பத்திரமாக இருந்தான். அந்த விசாரணைப் பகுதியைப் படித்துவிட்டு அவன் இரண்டு நாள் பேசாமல் இருந்தால், பேய்க்குப் பயந்துவிட்டான் என்று புத்தகத்தைப் பிடுங்கி வைக்காதீர்கள். கேள்வியும் கேட்க வேண்டாம். பக்கத்தில் இருங்கள், போதும்.