முப்படைகளின் சிறப்புப் படைகளுக்கு ஒரே தலைமை: கேள்வி பதில்

கேள்வி (கோவை): தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றிடமும் கமாண்டோக்கள் இருக்கும்போது அவர்களுக்கு மேல் ஒரு கூட்டுத் தலைமை எதற்கு?

பதில்: இதற்கு ஈரான் பாலைவனத்திலிருந்து தொடங்க வேண்டும். தெஹ்ரானில் பிணைக்கைதிகளாக இருந்த அமெரிக்கத் தூதரக ஊழியர்களை மீட்க 1980 ஏப்ரல் 24 அன்று இரவு அமெரிக்கா ஒரு படையை அனுப்பியது. மீட்கப் போன டெல்டா என்ற கமாண்டோப் பிரிவின் வீரர்கள் தரைப்படையினர், ஹெலிகாப்டர்கள் கடற்படையினுடையவை, அவற்றை ஓட்டியவர்களில் பெரும்பாலோர் மரைன் படையினர், எரிபொருள் கொண்டுவந்த பெரிய விமானங்கள் விமானப்படைக்குச் சொந்தம். கிளம்பிய 8 ஹெலிகாப்டர்களில் 6 மட்டுமே பாலைவனச் சந்திப்பிடத்தை அடைந்தன. அவற்றிலும் ஒன்று பழுதாகிவிட, குறைந்தது 6 வேண்டும் என்ற திட்டத்தின்படி முயற்சி கைவிடப்பட்டது. திரும்பும்போது ஒரு ஹெலிகாப்டர் அங்கே நின்றிருந்த விமானத்தின் மீது மோதியதில் 8 பேர் இறந்தார்கள். இந்தப் பிரிவுகள் அனைத்தும் சேர்ந்து முழு ஒத்திகை ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை என்பதை அட்மிரல் ஹாலோவே தலைமையிலான விசாரணைக் குழு சுட்டிக்காட்டியது.

அதே ஆண்டு டிசம்பரில் ஒரு கூட்டுத் தலைமையகம் அமைக்கப்பட்டபோதிலும், படைகள் தம் ஆட்களையும் விமானங்களையும் விட்டுக்கொடுக்க மனமில்லாமல் இழுத்தடித்தன. கடைசியில் அமெரிக்க நாடாளுமன்றம் 1986இல் சட்டம் இயற்றிக் கையை முறுக்கிய பிறகே, 1987 ஏப்ரல் 16 அன்று சிறப்பு நடவடிக்கைக் கட்டளையகம் பிறந்தது. அந்தச் சட்டம் அதற்கு நான்கு நட்சத்திரத் தளபதியோடு (முழு ஜெனரல் அல்லது அட்மிரல் நிலை) தன் பெயரிலேயே வரும் தனி நிதி ஒதுக்கீட்டையும் கொடுத்தது. என் கணக்கில் இரண்டாவதுதான் பெரிது.

கேள்வி (திருநெல்வேலி): இந்தியாவில் அப்படி ஏதும் உண்டா?

பதில்: பாதி உண்டு. தனிக் கட்டளையகம் வேண்டும் என்று நரேஷ் சந்திரா குழு 2012இல் பரிந்துரைத்தது. 2019இல் கிடைத்தது கட்டளையகத்தை விடச் சிறிய ஒரு ‘டிவிஷன்’ மட்டுமே. மேஜர் ஜெனரல் தலைமையில், ஒருங்கிணைந்த பாதுகாப்புத் தலைமையகத்தின் கீழ், ஆக்ராவில் அமைந்தது. தரைப்படையின் பாரா சிறப்புப் படை, கடற்படையின் மார்கோஸ், விமானப்படையின் கருட் ஆகியவற்றிலிருந்து அதற்கு ஆட்கள் வருகிறார்கள். அமெரிக்க அமைப்பின் தலைவருக்கு நான்கு நட்சத்திரம், நம்முடையவருக்கு இரண்டு. மூன்று தளபதிகளிடம் ஆளும் விமானமும் கேட்டு நிற்க வேண்டியவருக்கு இந்த வேறுபாடு சின்னதல்ல.

கேள்வி (வேலூர்): கறுப்புப் பூனைப் படையும் இதில் சேருமா?

பதில்: சேராது. அது உள்துறை அமைச்சகத்தின் கீழ் உள்ளது.

கேள்வி (யாழ்ப்பாணம்): 1987 அக்டோபரில் எங்கள் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியப் படை இறங்கித் தோற்றதே, கூட்டுத் தலைமை இருந்திருந்தால் அது தவிர்க்கப்பட்டிருக்குமா?

பதில்: புலிகளின் தலைமையைப் பிடிப்பதற்காக அக்டோபர் 11 இரவு பாரா கமாண்டோக்களும் சீக்கிய இலகு காலாட்படையின் ஒரு பகுதியும் விமானப்படை ஹெலிகாப்டர்களில் இறக்கப்பட்டன. கமாண்டோக்கள் தம் இலக்கைத் தேடி நகர்ந்துவிட்டார்கள். கடும் சூட்டில் ஹெலிகாப்டர்கள் சேதமடைந்து, அடுத்தடுத்த நடைகள் நின்றுபோனதால், முதலில் இறங்கிய 30 காலாட்படையினர் தனித்து மாட்டினார்கள். அவர்களில் 29 பேர் இறந்தார்கள். அவர்கள் சிறப்புப் படையினரே அல்லர் என்பதைக் கவனியுங்கள். வழக்கமான காலாட்படையை, சேர்ந்து பழகாத கமாண்டோக்களோடும் விமானிகளோடும் அவசரமாகக் கோத்திருந்தார்கள். ஈரானில் நடந்த அதே பிழை என்றே நான் இதைக் கொள்கிறேன்.

மறுப்பு (மதுரை): ஐயா, இது உளவுத் தோல்வி. இந்தியப் படையின் வானொலித் தொடர்பைப் புலிகள் ஒட்டுக்கேட்டுக் காத்திருந்தார்கள். எந்தத் தலைமை அனுப்பியிருந்தாலும் முடிவு ஒன்றுதான்.

பதில்: ஒட்டுக்கேட்டதை நான் மறுக்கவில்லை. ஆனால் பகைவர் விழித்திருக்கும் இடத்தில் இறங்க நேர்ந்தால் நடவடிக்கையை எந்தக் கட்டத்தில் கைவிடுவது, எத்தனை ஹெலிகாப்டர்கள் குறைந்தால் திரும்புவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வைப்பதும் தலைமையின் வேலையே. பாலைவனத்தில் குறைந்தபட்சம் அந்த ஒரு வரையறை இருந்தது.

மறுப்பு (மட்டக்களப்பு): கடைசியில் கமாண்டோக்களை மீட்டது டாங்கிகள்தானே? சிறப்புப் படைக்கு மட்டும் தனித் தலைமை வைத்தால் டாங்கியை யாரிடம் கேட்பது?

பதில்: இன்றைய கேள்விகளில் இதுவே சிறந்தது; இதற்கு முந்தைய மறுப்பை விட இது என் வாதத்தை அதிகம் அசைக்கிறது. சிறப்பு நடவடிக்கைகளில் பெரும்பாலானவற்றுக்குச் சாதாரணப் படைகளின் துணை வேண்டும் என்று அமெரிக்கர்களே தம் கொள்கையில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே கூட்டுத் தலைமை, வட்டாரப் படைத்தலைமையிடமிருந்து விலகி நிற்கும் தீவாக இருக்கக் கூடாது. அந்த இரவின் படைகள் எல்லாமே ஒரே அமைதி காக்கும் படையின் கீழ்தான் இருந்தன என்று நீங்கள் மேலும் சொல்லலாம், அதையும் ஏற்கிறேன். தாளில் தலைமை ஒன்றாக இருப்பது போதாது. ஆட்கள், ஹெலிகாப்டர்கள், ஒத்திகை நாட்கள் ஆகியவை நிரந்தரமாக ஒருவர் கையில் இருக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

கேள்வி (சேலம்): கமாண்டோக்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினால் என்ன?

பதில்: தரம் பாதியாகும்.

கேள்வி (ஓசூர்): மார்கோஸ், பாரா, கருட்: இவற்றில் எது சிறந்தது?

பதில்: கடலில் மார்கோஸ், விமானத் தளத்தில் கருட், மலையிலும் எல்லைக்கு அப்பாலும் பாரா. இதே கேள்வி நான்காவது முறையாக வந்திருக்கிறது. இனி பதில் சொல்ல மாட்டேன்.

கேள்வி (தஞ்சாவூர்): சிறிய நாடுகள் எப்படிச் செய்கின்றன?

பதில்: பிரான்ஸ் சிறிய நாடல்ல, ஆனாலும் நமக்கு நெருக்கமான அளவுகோல். வளைகுடாப் போரில் பட்ட அனுபவத்துக்குப் பிறகு 1992இல் முப்படைச் சிறப்புப் பிரிவுகளுக்கு ஒரு கூட்டுக் கட்டளையகத்தை அமைத்தது. பிரிவுகள் தாய்ப்படையிலேயே இருக்கும். நடவடிக்கையின் போது மட்டும் அந்தத் தலைமையின் கீழ் வரும். ஆக்ராவில் உள்ள நம் டிவிஷனுக்கு ஒத்துவரக்கூடிய வழி இது என்றே கருதுகிறேன், ஆனால் நிதியும் ஹெலிகாப்டரும் யார் பெயரில் என்ற பழைய கேள்வியை இது தீர்க்காது.

கேள்வி (ஈரோடு): கறுப்புப் பூனைப் படையை ஏன் சேர்க்கவில்லை?

பதில்: வேலூர்க்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள்.