பண்ணையம் பழக வருகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கொடுமுடிப் பக்கம் காலிங்கராயன் பாசனத்தில் எனக்கு மூன்று ஏக்கர், மேட்டில் கிணற்றுப் பாசனமாக இரண்டு ஏக்கர். வருசா வருசம் ஒன்றிரண்டு பிள்ளைகள் வந்து, ஒரு போகம் கூடவே இருந்து தொழில் பழகுகிறார்கள். மண், தண்ணீர், மஞ்சள் மூன்றிலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மற்றதற்குப் போக வேண்டிய இடத்தைக் காட்டுகிறேன்.

கேள்வி (சிறுமுகை): கம்பெனி வேலையை விட்டுட்டு வந்துட்டேனுங்க. தாத்தா காடு 4 ஏக்கர் இருக்கு. பயிற்சி எங்கே எடுக்கறது?

உங்களுக்குப் பக்கத்திலேயே காரமடையில் அவினாசிலிங்கம் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. ஈரோட்டுக்காரர்களுக்குக் கோபியில் மைராடா நிலையம், சேலத்துக்காரர்களுக்குச் சந்தியூர். மண் பார்க்க, விதை நேர்த்தி செய்ய, நோய் அடையாளம் காண அங்கே ஒழுங்காகக் கற்றுக் கொடுப்பார்கள். கட்டாயம் போங்கள்.

ஆனால் தம்பி, அதோடு நிறுத்திவிடாதீர்கள். யாராவது ஒரு நல்ல பண்ணையக்காரர் தோட்டத்தில் நடவிலிருந்து அறுவடை வரை ஒரு வெள்ளாமைக்குக் கூடவே இருங்கள். ஒரு சின்ன விசயம் சொல்கிறேன். பாத்திக்குத் தண்ணி கட்டும்போது, கடைசி வரை நனையட்டும் என்று காத்திருந்தால் அடுத்த பாத்திக்குள் உடைத்துக்கொண்டு போய்விடும். முக்கால் பாத்தி நனைந்ததுமே மடையை அடைக்க வேண்டும். மீதியை ஓடுகிற தண்ணியே நனைத்துக்கொள்ளும். மேட்டுக்காடு, சரளை, களிமண் ஒவ்வொன்றிலும் அந்த முக்கால் மாறும். மம்முட்டியோடு பத்து நாள் நின்றால்தான் அது கண்ணுக்குப் பிடிபடும்.

4 ஏக்கரையும் ஒரே மூச்சில் உழுதுவிடாதீர்கள். முதல் வருசம் அரை ஏக்கர் போதும்.

கேள்வி (காங்கயம்): எந்தப் பயிர் போட்டா நல்ல லாபம்ங்க?

உங்கள் மண்ணும் தண்ணீரும் தெரியாமல் சொல்ல மாட்டேன். மண் பரிசோதனை முடித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி (பவானி): மண் எடுக்கிறது எப்படிங்க? ஒரு கை அள்ளிக்கொண்டு போனால் போதுமா?

போதாது. வயலில் குறுக்கும் நெடுக்குமாக 10, 15 இடங்களில் எடுக்க வேண்டும். மேலே கிடக்கும் தழையை ஒதுக்கிவிட்டு, ‘வி’ வடிவில் அரை அடி ஆழம் வெட்டி, அந்தக் குழியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் சீவி எடுங்கள். வரப்போரம், மர நிழல், எருக்குழிப் பக்கம் வேண்டாம். எல்லாவற்றையும் சாக்கில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டை நீக்குங்கள். அரை கிலோ மிஞ்சும் வரை இதையே திரும்பச் செய்யுங்கள். உரம் போட்ட கையோடு எடுத்த மண் சரியான கணக்கைக் காட்டாது. தென்னைக்கு இந்த ஆழம் பத்தாது, மூன்றடி வரை அடுக்கடுக்காக எடுக்க வேண்டும்.

கேள்வி (சிவகிரி): மஞ்சளுக்குச் சொட்டுநீர் போடலாம் என்கிறேன். அப்பா ஒப்பவே மாட்டேங்கிறார்.

போடுங்கள். சிறு, குறு விவசாயி சான்று இருந்தால் 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம் இருக்கிறது.

என்னுடைய இந்தப் பதிலைப் படித்துவிட்டு ஊஞ்சலூர்ப் பெரியவர் ஒருவர் எழுதினார்: “காலிங்கராயன் வாய்க்கால் தண்ணியிலே தலைமுறை தலைமுறையா மஞ்சள் விளையுது. பிளாஸ்டிக் குழாயைக் கட்டி இழுக்கச் சொல்றது எதுக்கு?” சென்னிமலைத் தம்பி ஒருவர் அவருக்குப் பதிலாக, “உங்களுக்கு வாய்க்கால் இருக்குது, எங்களுக்கு ஆயிரம் அடி போர் தானுங்க” என்றார். அதற்கப்புறம் எல்லோரும் இதையே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

பெரியவர் பேச்சில் நியாயம் இருக்கிறதுங்க. என் வாய்க்கால் நிலத்தில் நானும் பாய்ச்சல்தான் விடுகிறேன். ஆனால் கிழங்கு அழுகல் வந்த பாத்தித் தண்ணி பக்கத்துப் பாத்திக்கு ஓடினால் நோயும் கூடவே ஓடும். என் முதல் வெள்ளாமையில், விளைந்த காட்டைப் பார்க்காமல் விதை மஞ்சள் வாங்கி இரண்டு ஏக்கர் நட்டேன். ஒரு மூலையில் தண்டு அடியில் கொழகொழவென்று ஆகி இலை மஞ்சளித்தது. தெரியாமல் அதே மடையில் தண்ணி கட்டி, பாதிக் காட்டுக்குப் பரப்பிவிட்டேன். பாய்ச்சல் விடுகிறவர்கள் வடிகால் வெட்டுங்கள், நோய் கண்ட பாத்தியின் மடையை உடனே அடையுங்கள்.

சென்னிமலைத் தம்பிக்குச் சொட்டுநீர்தான் வழி. போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது. சொட்டுவான் என்பது குழாயில் தண்ணி சொட்டுகிற சின்ன வாய். அது மணிக்கு 4 லிட்டர் விடுகிறது என்றால், குழாயின் கடைசிச் சொட்டுவானுக்கு அடியில் பாத்திரம் வைத்துக் கால் மணி நேரத்தில் ஒரு லிட்டர் விழுகிறதா பாருங்கள். குறைந்தால் வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள், குழாய் முனையைத் திறந்துவிடுங்கள். போர் தண்ணியில் உப்பு இருந்தால் வெள்ளையாகப் படிந்து அடைக்கும்.

கேள்வி (தாராபுரம்): ஆட்டுப் பண்ணை போட எவ்வளவு செலவாகும்?

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். உங்கள் பக்கம் கொறங்காடு (வேலி கட்டிய மேய்ச்சல் காடு) இருந்தால் கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல மரத்தையும் அழித்துக் கொட்டகை போடாதீர்கள்.

கேள்வி (பெருந்துறை): லாபமான பயிர் ஒன்று சொல்லுங்களேன்.

மேலே காங்கயத்துக்குச் சொன்னதுதான்.

கேள்வி (கரூர்): முதல் வருசமே 3 ஏக்கர் மஞ்சள் போடலாமா? எந்தப் பயிருக்கு விலை ஏறும்?

விலை ஏறுவதை யாரும் சொல்ல முடியாது, சொல்கிறவரை நம்பாதீர்கள். அரை ஏக்கர்.

கேள்வி (அந்தியூர்): அப்பா இறந்ததுக்கப்புறம் ஒண்ணேகால் ஏக்கரை நானே பார்க்கறேனுங்க. களை வெட்ட வர்றவங்க நான் சொன்னா கேக்கறதில்லை.

அம்மிணி, காலையில் அவர்களுக்கு முன்னால் காட்டில் நில்லுங்கள். முதல் பார் வரிசையை நீங்களே களை வெட்டிக் காட்டுங்கள், எவ்வளவு ஆழம், தண்டிலிருந்து எவ்வளவு தள்ளி என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். கூலியைச் சாயங்காலமே எண்ணிக் கொடுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் ஆள், கூலி, உரம், டீச்செலவு எல்லாவற்றையும் அன்றன்றைக்கு எழுதுங்கள். போகம் முடிந்ததும் அந்த நோட்டோடு என்னிடம் வாருங்கள், உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.

கேள்வி (மொடக்குறிச்சி): விதை மஞ்சள் எப்போ வாங்கறதுங்க?

வைகாசி நடவுக்கு வைகாசியில் தேடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் பயிர் பச்சையாக நிற்கும்போதே காட்டுக்குள் இறங்கி நடந்து பாருங்கள். அழுகல் இல்லாத காடாகப் பார்த்துச் சொல்லி வைத்துவிட்டு வாருங்கள். அரை ஏக்கருக்கு 400 கிலோ வேண்டும்.