கரைப்பெயர்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில், மேற்குக் கரையோரக் கிராமம் ஒன்றில் கேலிக் மொழி இடப்பெயர்களைத் திரட்டுகிறோம். பெரியவர்களிடம் கேட்டு 40 பெயர்களை எழுதிவிட்டேன். அவற்றில் 11 பெயர்களுக்குப் பொருள் அவர்களுக்கே தெரியவில்லை. அவற்றை விட்டுவிடலாமா? பதிய எந்தச் செயலி நல்லது?

க.

அன்புள்ள க.,

அந்தக் குளிர்காற்றில் கரை கரையாக அலைகிறீர்கள், நன்றாக இருங்கள். ஆனால் அந்த 11 பெயர்களை விட்டுவிடலாமா என்று கேட்க எப்படி மனம் வந்தது? முதலில் காப்பாற்ற வேண்டியவையே அவைதான்.

லூயிஸில் கேலிக்குக்கு முன்னால் வைக்கிங்குகளின் நார்ஸ் மொழி புழங்கியது. ஷாபோஸ்ட், லூர்போஸ்ட் என்ற ஊர்ப்பெயர்களில் இருக்கும் ‘போஸ்ட்’ நார்ஸில் பண்ணை. ‘லாங்கவாட்’ நார்ஸில் நீள ஏரி. பொருள் மறந்த பிறகு கேலிக் பேசுவோர் முன்னால் ஏரி என்று பொருள்படும் ‘லோக்’ சேர்த்தார்கள், ஏரி நீளேரி ஆகிவிட்டது. இதற்கெல்லாம் எண்பது வயது மீனவர் என்ன பொருள் சொல்வார், பாவம்! வந்த பிள்ளை வெறுங்கையோடு போகக்கூடாதே என்று ஒரு கதை கட்டிக் கொடுப்பார். பொருள் கிடைத்த உங்கள் 29 பெயர்களில் அப்படி எத்தனையோ!

பொருளைக் கேட்காதீர்கள். ‘அங்கே போகிறேன்’, ‘அதன் மேல் நிற்கிறேன்’ என்று பெயரை வாக்கியத்தில் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். கேலிக்கில் இலக்கணம் சொல்லின் தலையிலேயே கைவைக்கும். ‘ஃபத்த’ என்றால் நீளமான. நீருக்கு மேல் தலைகாட்டும் பாறை ‘ஸ்கெர்’, அது பெண்பால். ஆகவே நீளப்பாறை ‘ஸ்கெர் அத்த’ ஆகிறது. எழுதும்போது எஃப், எச் இரண்டும் உண்டு, வாயில் இரண்டும் கிடையாது. காதில் விழுந்ததை மட்டும் எழுதிவந்தால் அகராதியில் ‘அத்த’வைத் தேடிக்கொண்டே இருப்பீர்கள். அதே பாறை ஒரு முனையின் பெயருக்குள் போனால் ‘ரூவ நா ஸ்கெரெ’. தனியாகச் சொல்லும்போது ஒளிந்துகொள்ளும் பாலும் வேற்றுமையும் வாக்கியத்தில்தான் வெளியே வரும். தனியே இரண்டு முறை, வாக்கியத்தில் இரண்டு முறை சொல்லச் சொல்லி ஒலிப்பதிவு செய்யுங்கள். அடுப்படியில் உட்கார்ந்து, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு. கரையில் பதிந்தால் காற்று முதலில் தின்பது ‘எஃப்’, ‘ஹ’ போன்ற மூச்சொலிகளைத்தான்.

எழுத்துக்கூட்டல் உங்கள் கவலை இல்லை. அதை முடிவுசெய்ய அங்கே ‘அனமன் ஆட்செ’ அமைப்பு இருக்கிறது. சொன்னவர் யார், எந்த ஊர், கரையிலிருந்து பார்த்துச் சொன்ன பெயரா படகிலிருந்தா என்பதை எழுதுங்கள். இரண்டு ஊர் ஒரே பாறைக்கு இரண்டு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். பஞ்சாயத்து செய்யாதீர்கள்.

இடக்குறிப்பு இன்னொரு தலைவலி. பாறையைப் பார்த்தபடி மேட்டில் நின்று கைபேசியை அழுத்தினால் அது உங்கள் காலடியைத்தான் குறிக்கும். இரண்டு இடங்களிலிருந்து திசைகாட்டி பிடித்து, இரு கோடுகளையும் வரைபடத்தில் வெட்டவிடுங்கள். வெட்டும் கோணம் 90 பாகைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். 300 மீட்டர் தொலைவில் ஒரு பாகை பிசகினால் 5 மீட்டர் தள்ளிப்போகும்; கோணம் குறுகினால் இன்னும் மோசம். வரைபடக் கட்டங்களை வைத்து இடம் சொல்லும் ஆறு இலக்கக் கட்டக் குறிப்பு 100 மீட்டர் சதுரம், அதற்குள் மூன்று பாறைகள் கிடக்கலாம். எட்டு இலக்கம் எடுங்கள், 10 மீட்டருக்கு வந்துவிடும்.

‘போவ’ என்று பெயர் கேட்டால் அது நீருக்கடியில் கிடக்கும் பாறை, மேலே அலை உடைவதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில் நீர் நன்றாக வற்றும்போது பெரியவரோடு போய்ப் பாருங்கள். படம் எடுத்த நேரத்தையும் குறியுங்கள்.

செயலியா? எக்செல் போதும்.