நூலாய் நீளும் நாற்றும் மாமியின் தண்ணீர் வாளியும்

கேள்வி: கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் மாமியோடு ஒரே வீட்டில் இருக்கிறோம். போன வருடம் மார்ச் முதல் கிழமையே மிளகாய், கத்தரி, தக்காளி மூன்றையும் யன்னலோரம் ஒரே தட்டில் போட்டேன். கண்டுகள் நூல் மாதிரி நீண்டு சாய்ந்தன. பாதி அடியில் அழுகி விழுந்தன. மிஞ்சியதை மே முதல் கிழமை வெயிலை நம்பி நட்டேன், ஒரே இரவுக் குளிரில் போயிற்று. "ஊரில வீசி எறிஞ்சாலே முளைக்கும். நீ தண்ணி காணாமல் விட்டிட்டாய்" என்று மாமி நாளுக்கு இரண்டு தரம் தானே ஊற்றுகிறார். இந்த வருடமாவது சண்டையில்லாமல் தோட்டம் போட முடியுமா?

பதில்: மாமி சொல்வது ஊருக்குச் சரி. அங்கே பாத்தியில் விழுந்த விதைக்கு நாள் முழுக்க நேர் வெயில். ரொறன்ரோவின் மார்ச் யன்னலில் ஒரு பக்கத்து வெளிச்சம்தான், அதுவும் சில மணி நேரம். வீட்டுச் சூட்டில் கண்டு வேகமாக வளரப் பார்க்கும். வெளிச்சம் போதாததால் அதைத் தேடித் தேடி நீளும். யன்னலை விட்டுவிடுங்கள். பேஸ்மன்ற்றில் (நிலக்கீழ் அறையில்) நான்கு அடி எல்.ஈ.டி. லைற் ஒன்றைச் சங்கிலியில் தொங்கவிட்டு, கண்டின் நுனிக்கு மேலே நான்கு விரல் உயரத்தில் வையுங்கள். கண்டு வளர வளர லைற்றை உயர்த்துங்கள். நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியட்டும். 24 மணி நேரமும் வேண்டாம். ஒரு ரைமர் போட்டால் யார் நிறுத்துவது என்ற கதையும் இல்லை.

அடியில் அழுகி விழுந்ததற்குக் காரணம் பூஞ்சணம். குளிர்ந்த ஈர மண்ணில் அது பெருகி, மண்மட்டத்தில் தண்டை நூலாக நெரித்துவிடும். விழுந்த கண்டு மீளாது. தோட்டத்து மண்ணைத் தட்டில் போடாதீர்கள். விதை முளைக்கவைக்க என்றே விற்கும் கலவையை வாங்குங்கள். தண்ணீரை மேலே ஊற்றாமல் அடித்தட்டில் விட்டு, அரை மணி நேரம் உறிஞ்சவிட்டு, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். மார்ச் மாதக் குழாய்த் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும், முந்திய இரவே பிடித்துவையுங்கள். அடுத்த தண்ணீர் எப்போது என்பதைத் தட்டைத் தூக்கிப் பார்த்துத் தீர்மானியுங்கள்: பாரமாக இருந்தால் வேண்டாம், இலேசாக இருந்தால் விடலாம். "மாமி, ஒருக்காத் தூக்கிப் பாருங்கோ" என்று அவர் கையிலேயே கொடுங்கள். வாயால் சொல்லும் விளக்கத்தைவிட அந்தப் பாரமே அவருக்கு விளங்கவைக்கும்.

தினம் எதையாவது செய்யாமல் அவருக்கு மனம் ஆறாது என்றால், வாளிக்குப் பதில் இந்த வேலை. காலையும் மாலையும் கண்டுகளின் தலையை உள்ளங்கையால் மெதுவாக, பத்துப் பதினைந்து தரம் தடவிவிடட்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காற்றில் ஆடுவதுபோலத் தொடுகை படப்படக் கண்டு உயரத்தைக் குறைத்துத் தண்டைத் தடிப்பாக்கும்.

மூன்றையும் ஒரே நாளில் போட்டதும் பிழைதான். நடும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மே 25க்கு முந்திய திங்கள், அதாவது விக்ரோறியா நாள் கழியும்வரை இங்கே உறைபனிப் பயம் உண்டு. மிளகாய்க்கும் கத்தரிக்கும் உறைபனியே தேவையில்லை, இரவு 10 பாகைக்குக் கீழே போனாலே சுணங்கிவிடும். அவற்றை ஜூன் முதல் கிழமை நடுவதாக வைத்து மார்ச் 15க்கும் 25க்கும் இடையில் விதையுங்கள்; அரைச் சென்ரிமீற்றர் ஆழம் போதும். மிளகாய் முளைக்க மண் 25 முதல் 30 பாகை இருக்கவேண்டும், தட்டுக்கு அடியில் ஹீற் மற் (சூடு தரும் விரிப்பு) வைத்தால் நல்லது. முளை தெரிந்ததும் அந்த விரிப்பை எடுத்துவிடுங்கள். மிளகாய் முளைக்க இரண்டு மூன்று கிழமை பொறுங்கள், அதற்குள் கிண்டிப் பார்க்கக்கூடாது. தக்காளி ஒரு கிழமையில் முளைத்துவிடும், ஏப்ரல் 5க்கு முன்னர் தொடவே வேண்டாம். பாகல், புடோல், வெண்டி மூன்றும் மே தொடக்கத்தில், தனித்தனிக் கப்பில். வேர் குழம்பினால் அவை கோபித்துக்கொள்ளும்.

நடுவதற்கு முன் பத்து நாள் பழக்கவேண்டும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி வெயிலுக்கு. லைற்றில் வளர்ந்த இலையை நேரே வெயிலில் வைத்தால் ஒரே பின்னேரத்தில் வெளுத்துக் கடதாசி போலாகும்.

மே கடைசிவரை மாமியைக் காத்திருக்கச் சொன்னால் சண்டை நிச்சயம். ஏப்ரல் நடுப்பகுதியில், ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பொத்தித் தட்டினால் உதிர்கிறதா என்று பாருங்கள். களியாக ஒட்டினால் இன்னும் ஒரு கிழமை. உதிர்ந்தால் வெயில் படும் ஒரு பாத்தியை முழுதாக அவரிடம் விடுங்கள். ஸ்பினாச், பட்டாணி, சின்ன சிவப்பு முள்ளங்கி எல்லாம் குளிரைத் தாங்கும். முள்ளங்கி ஒரு மாதத்தில் குசினிக்கு வந்துவிடும். மல்லியை உள்ளங்கையில் தேய்த்து இரண்டாக உடைத்துப் போடட்டும், வெயில் ஏறினால் அது பூத்துவிடும் என்பதால் இதுதான் அதற்குக் காலம். ஏப்ரல் முடிவில் குசினிப் போத்தல் வெந்தயத்தையே ஓர் இரவு ஊறவைத்துத் தூவலாம். முளைக்கீரை விதையை மட்டும் ஜூன்வரை ஒளித்துவையுங்கள். குளிர் மண்ணில் அது முளைக்காது, அந்தப் பழியும் உங்கள் தலையில்தான் விழும்.