மெல்லக் கடித்தால் இம்ப்ளான்ட் பல் படவில்லையே, அது சரியா?

கேள்வி: எனக்கு 52 வயது. கீழ்த்தாடையில் வலது கடைவாய்ப் பல்லை எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் வேருக்குப் பதிலாகப் பதிக்கும் டைட்டானியத் திருகு) வைத்தார்கள். சில மாதம் கழித்து அதன்மேல் கேப் போட்டார்கள். கேப் மாட்டிய அன்று டாக்டர் நீலக் காகிதத்தைக் கடிக்கச் சொல்லி, நிறம் பட்ட இடங்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். இப்போது மெல்ல வாயை மூடினால் அந்தப் பல் மேல்பல்லில் படுவதே இல்லை. அழுத்திக் கடித்தால்தான் படுகிறது. இவ்வளவு செலவு செய்தும் பல் பாதி வேலைதான் செய்யுமா? கடிக்கிற பாரம் நேராக எலும்பில் இறங்கி எலும்பையே கரைத்துவிடும் என்று நண்பர் வேறு பயமுறுத்துகிறார்.

பதில்: உங்கள் டாக்டர் செய்தது சரியான வேலைதான். பல்லை ஏமாற்றிக் குட்டையாக்கிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். அதைச் சொன்னாலே நண்பரின் பயத்துக்கும் பாதி பதில் வந்துவிடும்.

சொந்தப் பல்லின் வேர் எலும்பில் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு நார்ப்படலம் உண்டு. பல்லைக் கடிக்கும்போது அந்த நார்கள் இழுபடும், அதிலுள்ள திரவம் நகரும், பல் தன் குழிக்குள் இம்மியளவு இறங்கும். பலமாகக் கடித்தால் இந்த இறக்கம் 25 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இம்ப்ளான்ட்டில் அந்தப் படலம் கிடையாது. டைட்டானியத்தின் மேல்பரப்பிலேயே எலும்பு நேரடியாக வளர்ந்து பற்றிக்கொள்கிறது. ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரோனெமார்க் கண்டறிந்து, 1965-இல் முதன்முதலாக ஒரு நோயாளியின் வாயில் பயன்படுத்திய விஷயமே இதுதான். இம்ப்ளான்ட்டின் பலமும் இதுதான், குறையும் இதுதான். அதே கடிக்கு இம்ப்ளான்ட் இறங்குவது 3 முதல் 5 மைக்ரான்தான்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். மெல்லக் கடிக்கும்போதே இம்ப்ளான்ட் பல்லும் பக்கத்துப் பற்களும் ஒரே நேரத்தில் எதிர்ப்பல்லைத் தொட்டால், அழுத்திக் கடிக்கும்போது என்ன ஆகும்? சொந்தப் பற்கள் இறங்கிக் கொடுக்கும். இம்ப்ளான்ட் மட்டும் அசையாமல் நிற்கும். அந்தப் பக்கத்துப் பாரத்தில் பெரும்பங்கு அதன் தலையில்தான் விழும். கடைவாயில் நல்ல பலத்தோடு கடிக்கிறவர் 50 கிலோ எடைக்கு நிகரான விசையைக்கூடக் கொடுப்பார். அதனால்தான் இந்தச் சிறு இடைவெளி. தலைமுடியின் கனம்கூட இராது. டாக்டர்கள் இதைச் சோதிக்க 8 மைக்ரான் கனமுள்ள ஒரு மெல்லிய உலோகத் தாளைப் பற்களுக்கு நடுவே வைப்பார்கள். மெல்லக் கடிக்கும்போது இழுத்தால் தாள் உருவிக்கொண்டு வர வேண்டும். அழுத்திக் கடிக்கும்போது மாட்டிக்கொள்ள வேண்டும். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இந்த நிலைதான். பல் முழு வேலையும் செய்கிறது, பற்கள் பாரம் தாங்குகிற நேரத்தில் அதுவும் சேர்ந்து தாங்குகிறது.

சரி, அந்தப் பாரம் எலும்பில் எங்கே போகிறது? திருகின் நீளம் முழுக்கப் பரவி, அடி நுனி வரை சமமாக இறங்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. தாடை எலும்புக்கு வெளியே கெட்டியான ஓடு ஒன்று, உள்ளே வலைபோன்ற மென்மையான எலும்பு. டைட்டானியம் அந்தக் கெட்டி ஓட்டைவிடவே பல மடங்கு விறைப்பு. இப்படி விறைப்பான ஒன்றும் நெளிந்து கொடுக்கும் ஒன்றும் இறுகப் பிடித்திருக்கும்போது, இரண்டும் முதலில் சந்திக்கிற இடத்திலேயே பாரத்தின் பெரும்பகுதி கைமாறிவிடும். அதாவது ஈறுக்குக் கீழே, திருகின் கழுத்தைச் சுற்றியுள்ள முதல் சில மில்லிமீட்டரில். 'இன்னும் நீளமான இம்ப்ளான்ட் போட்டிருந்தால் பலமாக இருக்குமே' என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கழுத்தில் ஏறும் அழுத்தத்தைக் குறைக்க நீளத்தைவிட விட்டம்தான் அதிகம் உதவும். எலும்பின் அகலம் அதற்கு இடம் கொடுக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

திருகில் புரிகள் இருப்பதும் சும்மா இல்லை. எலும்பு அமுக்கத்தை நன்றாகத் தாங்கும்; இழுவையை அதைவிடக் குறைவாக; ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி அறுக்கிற விசையைத் தாங்குவதில்தான் மிகவும் பலவீனம். வழவழப்பான கம்பியாக இருந்தால் செங்குத்தாக இறங்கும் பாரம் பக்கங்களில் அறுக்கிற விசையாகவே போகும். புரியின் ஒவ்வொரு படியும் அதில் ஒரு பங்கை அமுக்கமாக மாற்றித் தன் கீழுள்ள எலும்பிடம் கொடுக்கிறது.

ஆக, நேராக இறங்கும் பாரத்தைப் பற்றி நீங்கள் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. கவலை வேண்டியது பக்கவாட்டு விசையைப் பற்றி. மண்ணில் ஊன்றிய கம்பை மேலிருந்து அமுக்கினால் ஒன்றும் ஆகாது. தலையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தால் மண்ணின் வாய் விலகும். கேப்பின் தலை எலும்பு மட்டத்திலிருந்து 10 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். அதில் பக்கவாட்டாக 10 கிலோ விசை பட்டால், அந்த உயரம் முழுவதும் நெம்புகோலாக மாறிக் கழுத்தருகே எலும்பை ஒரு பக்கம் அமுக்கும், எதிர்ப்பக்கம் இழுக்கும். கேப் 15 மில்லிமீட்டர் உயரமானால் அதே 10 கிலோ ஒன்றரை மடங்கு வேலை செய்யும். எலும்பு தேய்ந்து கேப் நெட்டையாகிப்போன இடங்களில் டாக்டர்கள் யோசிப்பது இதனால்தான்.

இனி அந்த நீலக் காகிதத்துக்கு வருவோம். அடுத்த முறை போகும்போது ஒரு கண்ணாடி வாங்கிப் பாருங்கள். கேப்பின் நடுவில், திருகுக்கு நேர் மேலே சின்னதாக ஒரு புள்ளி விழுந்திருந்தால் விசை நேராக இறங்குகிறது. பல்லின் மேடுகளின் சரிவில் இழுபட்ட கோடாக நீலம் தீற்றியிருந்தால் தாடை பக்கவாட்டில் நகரும்போது அந்தச் சரிவு உரசுகிறது, பல் நெம்பப்படுகிறது. உங்கள் டாக்டர் தேய்த்துத் தேய்த்து அழித்தது பெரும்பாலும் இந்தக் கோடுகளைத்தான். இம்ப்ளான்ட் கேப்புகளைச் சொந்தப் பல்லைவிட ஒடுக்கமாக, மேடுகளைத் தட்டையாக வைத்துச் செய்வதற்கும் காரணம் இதுவே. பார்க்க அவ்வளவு அழகாக இல்லை என்று சிலர் குறைப்படுவார்கள். கடைவாயில் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்!

எலும்பு கரையுமா என்ற கேள்விக்கு நேர் பதில்: அளவான பாரம் எலும்பைக் கரைக்காது, காப்பாற்றும். எலும்பு உயிருள்ள திசு. தன்மேல் விழும் பாரத்துக்கு ஏற்ப அது தன்னையே கட்டியும் கலைத்தும் கொள்கிறது. பல் எடுத்த இடத்தில் தாடை மேடு சுருங்கிப்போவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வேலை இல்லாத எலும்பை உடல் வைத்துக்கொள்வதில்லை. கேப் போட்ட முதல் ஆண்டில் திருகின் கழுத்தைச் சுற்றி எலும்பு சிறிது குறைவது வழக்கம். அதன்பின் ஆண்டுக்கு 0.2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்ல நிலை என்பது 1986-இலிருந்து புழக்கத்தில் இருக்கும் அளவுகோல். அதற்குமேல் வேகமாகக் குறைந்தால் முதல் சந்தேகம் பாரத்தின்மேல் அல்ல, ஈறோரத்தில் படியும் கிருமிப் படலத்தின்மேல்தான் போக வேண்டும். அதனால் வரும் அழற்சிதான் பெரும்பாலான கேஸ்களில் எலும்பைத் தின்கிறது. அழற்சியும் இருந்து, தப்பான பாரமும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். நண்பர் சொன்னதில் உண்மை இவ்வளவுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் உஷாராக இருங்கள். சொந்தப் பல்லில் பாரம் மிஞ்சினால் அந்த நார்ப்படலத்திலுள்ள நரம்புகள் உடனே சொல்லிவிடும்; நீங்களும் தானாகவே மெதுவாகக் கடிப்பீர்கள். இம்ப்ளான்ட்டுக்கு அந்த எச்சரிக்கை மிக மங்கல். வலிக்கவில்லை என்பதால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. எலும்புக்கு முன்னால் பெரும்பாலும் கேப்பை இம்ப்ளான்ட்டோடு பிணைக்கும் உள் ஸ்க்ரூவும் கேப்பின் பீங்கானும்தான் முறையிடும். கேப் லேசாக ஆடுவது, கடிக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம், பீங்கான் ஓரம் தெறிப்பது என எது வந்தாலும் அந்தப் பக்கம் மெல்லாமல் டாக்டரிடம் போங்கள். ஸ்க்ரூவை முறுக்கிவிட்டு அனுப்பினால் மட்டும் போதாது. ஏன் தளர்ந்தது என்று கேளுங்கள். நீலக் காகிதத்தை மறுபடி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தூக்கத்தில் நறநறவென்று பல் கடிக்கிற பழக்கம் உண்டா என்று வீட்டில் விசாரியுங்கள். உணவை மெல்லும்போது பற்கள் ஒன்றையொன்று உண்மையில் தொடும் நேரம் நாளுக்கு அரை மணிகூட வராது. இரவில் கடிப்பவருக்கு அந்தக் கணக்கே கிடையாது, அதுவும் பக்கவாட்டில் அரைக்கிற விசை. அந்தப் பழக்கம் இருந்தால் இரவில் மாட்டிக்கொள்ளும் பல்லுறையான நைட் கார்டு ஒன்று அளவெடுத்துச் செய்துகொள்வது கட்டாயம்.

இன்னொன்று. இன்று இருக்கும் இடைவெளி அப்படியே இருக்காது. சொந்தப் பற்கள் காலப்போக்கில் தேயும், நகரும், மேல்பல் கொஞ்சம் இறங்கிவரும். இம்ப்ளான்ட் மட்டும் நட்ட இடத்தில் நிற்கும். அதனால் ஆண்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்யப் போகும்போதே கடியையும் சோதிக்கச் சொல்லுங்கள், எக்ஸ்ரேயில் திருகின் கழுத்தைச் சுற்றியுள்ள எலும்பின் மட்டத்தைப் பழைய படத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். எப்போதாவது பலமாக அழுத்திக் கடித்தாலும் அந்தப் பல் படவே இல்லை என்று தெரிந்தால், அது தேவைக்கு மேல் தேய்ந்திருக்கிறது. அப்போது கேப்பை மாற்றச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை.