பத்திரிகைக்கும் விளம்பரத்துக்கும் படம் போடுகிறவர், வேலையை விட்டுவிட்டு நீர்வண்ண ஓவியர் ஆகலாமா?

ஆகலாம், நானே அப்படி வந்தவன்தான். ஆனால் வேலையை மட்டும் உடனே விட்டுவிடாதீர்கள்.

பதினாறு வருடம் சென்னையில் பாடநூல், தொடர்கதை, சோப்பு டப்பா என்று கேட்டதையெல்லாம் வரைந்தேன். முதலில் போஸ்டர் கலர், அப்புறம் கம்ப்யூட்டர். இரண்டிலும் தப்பை மூடிவிடலாம். "அந்தம்மா முகத்துல இன்னும் கொஞ்சம் சிரிப்பு வேணும் சார்" என்று ராத்திரி பத்து மணிக்குப் போன் வந்தால், வெள்ளையை அடித்து மேலே வேறு வாய் வரைந்துகொடுப்பேன்.

நீர்வண்ணத்தில் அந்தப் பழக்கமே இடைஞ்சல். இங்கே தாளின் வெள்ளைதான் வெளிச்சம். எந்த இடத்தைத் தொடக் கூடாது என்று பிரஷை நனைக்கும் முன்பே முடிவெடுக்க வேண்டும். ஒருநாள் காசிமேட்டில் படகு விளிம்பில் விழுந்த வெயிலை மறந்து, நீலத்தை அதன் மேலேயே இழுத்துவிட்டேன். கை தானாக வெள்ளை ட்யூபைத் தேடியது. காய்ந்த பிறகு பார்த்தால் சுண்ணாம்பு அப்பிய மாதிரி இருந்தது. ஏப்ரல் வெயில் வேறு. தண்ணீராய்க் கரைத்து இழுக்கும் வண்ணப் பூச்சு (வாஷ்) பாதித் தாளைத் தாண்டுவதற்குள் ஓரம் காய்ந்து கோடு விழுந்துவிடும். தாளில் மிச்சம் பிடிக்கப் பார்த்தேன், அது அப்பளம் போல நெளிந்தது. தடிமனான 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தித் தாளுக்கு மாறிய பிறகுதான் கொஞ்சம் நிம்மதி.

அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமரைப் பாருங்கள். 1836இல் பிறந்தவர். பாஸ்டனில் ஒரு கல்லச்சுக் கூடத்தில் வேலை பழகி, 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' பத்திரிகைக்கு உள்நாட்டுப் போர்க் காட்சிகளை வரைந்தார். 1873 கோடையில் குளோஸ்டர் துறைமுகத்தில் நீர்வண்ணத்தில் மும்முரமாக இறங்கியபோது வயது 37. அதற்குப் பிறகும் ஓரிரு வருடம் பத்திரிகை வேலையை விடவில்லை. அந்தக் காலத்துப் பத்திரிகைப் படங்களை மரக்கட்டையில் செதுக்கித்தான் அச்சடித்தார்கள். வெள்ளையாக வரவேண்டிய இடத்தையெல்லாம் செதுக்கி எடுத்துவிடுவார்கள். வெள்ளையை விட்டுவைத்து யோசிக்க அதுவே அவருக்குப் பழக்கிக் கொடுத்திருக்கும் என்பது என் ஊகம். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இன்றும் மாதத்தில் பத்து நாள் பாடநூல் வேலைதான். தாள் செலவும் ஃப்ரேம் செலவும் அதிலிருந்துதான் வருகின்றன. காசிமேட்டுப் படகு நாலாவது தடவை தேறியது. ஃப்ரேம் போடக் கொடுத்திருக்கிறேன்.