கிராமத்து வீட்டில் ராக்கியா தரும்போது

பல்கேரியாவிற்கு அண்மையில் வந்த நீங்கள், உடன் பணியாற்றுபவர் திரோயன் நகருக்கு அருகிலுள்ள தம் பெற்றோர் வீட்டிற்கு அழைத்திருப்பதாகவும், மதுப்பழக்கமில்லாத நீங்கள் அங்கே தரும் ராக்கியா என்னும் பழச் சாராயத்தை மறுத்தால் அவர்கள் மனம் வருந்துவார்களோ என்று தயங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். இந்நாட்டில் பதினேழு ஆண்டுகளாக வாழ்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: தாராளமாக மறுக்கலாம். ஆனால் எதை மறுக்கிறீர்கள் என்பதை அறிந்து மறுங்கள்.

வீட்டில் காய்ச்சியது என்றதும் நமக்குக் கள்ளச்சாராயச் சாவுகள்தாம் நினைவுக்கு வரும். ராக்கியா அத்தகையதன்று. இலையுதிர் காலத்தில் தம் தோட்டத்துப் பழங்களை, திரோயன் பக்கத்தில் பெரும்பாலும் பிளம்ஸை, பீப்பாயில் புளிக்கவைத்து, ‘கசான்’ எனப்படும் ஊர் வடிசாலைக்குக் கொண்டுபோய், தம் முறை வரும்வரை காத்திருந்து, செம்புக் கொப்பரையில் காய்ச்சி வடிக்கிறார்கள். முதலில் சொட்டும் நெடி மிகுந்த பகுதியைக் குடிக்காமல் ஒதுக்கிவிடுவார்கள். சொந்தப் பயனுக்காக ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு 30 லிட்டர் வரை கலால் வரியிலும் சலுகை உண்டு. ஆகவே உங்கள் முன் வைக்கப்படும் சிறு கிண்ணம், அந்த வீட்டுப் பெரியவர் ஓராண்டு முழுதும் பார்த்து வளர்த்த மரங்களின் விளைச்சல். (முன்பின் தெரியாதவர் பெயரொட்டாத பாட்டிலில் விற்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள்.)

ராக்கியா உணவின் தொடக்கத்தில், தக்காளியும் வெள்ளரியும் மேலே துருவிய வெண்பாலாடைக்கட்டியும் சேர்ந்த ஷோப்ஸ்கா சாலட்டுடன் வரும். யாரும் ஒரே மடக்கில் குடிப்பதில்லை. ஒரு கிண்ணத்தோடு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். ‘நஸ்திராவே’ என்று கிண்ணங்களை மோதும்போது எதிரிலிருப்பவரின் கண்களைப் பார்க்க வேண்டும். உங்கள் கிண்ணத்தில் பழச்சாறு இருந்தாலும் இது பொருந்தும். இறந்தவர் நினைவாகக் குடிக்கும்போது மட்டும் மோதுவதில்லை; சில துளிகளை மண்ணில் ஊற்றுவார்கள்.

இன்னொன்றை மறக்காதீர்கள். இங்கே தலையை இருபுறமும் அசைத்தால் ‘ஆம்’ என்று பொருள். மேலும் கீழும் அசைத்தால் ‘இல்லை’. வந்த புதிதில் நான் வேண்டாமென்று தலையசைக்க அசைக்க, என் கிண்ணம் நிரம்பிக்கொண்டே இருந்தது. எனவே தலையை அசைக்காமல், கையை நெஞ்சில் வைத்து, ‘நே பியா’, அதாவது ‘நான் குடிப்பதில்லை’ என்று வாயால் சொல்லுங்கள். ஓரிரு முறை வற்புறுத்துவார்கள். அது உபசரிப்பு மட்டுமே. பிறகு அந்தப் பெரியவரிடம் அவருடைய பிளம்ஸ் மரங்களைக் காட்டச் சொல்லுங்கள். மகிழ்ச்சியோடு அழைத்துப் போவார்.